உயரழுத்த மின்வழங்கியில் ஒப்பமாக்கல்

மாத்தளை மாவட்டத்தின் தென்பகுதி மலைநாட்டைச் சார்ந்தது. வடபகுதி நாவுல, தம்புள்ளை, கலேவெல என்னும் ஊர்களின் வழியே வறண்ட வலயத்துள் இறங்குவது. வறண்ட வலயத்திலே மழை ஆண்டு முழுவதும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. சில வாரங்களிற் கொட்டித் தீர்த்துப் பின்னர்ப் பல மாதங்கள் ஓய்ந்துவிடும். ஆயினும் வயலில் நிற்கும் பயிருக்கு ஒழுங்காக நீர் பாய வேண்டும். விட்டுவிட்டு வருவதைத் தொடர்ந்து கிடைப்பதாக மாற்றும்பொருட்டு இந்நாட்டு மக்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டுவரும் வழி குளங் கட்டுதலாகும்.

குளத்தின் இயல்பிலே இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. குளம் பெரிதாக ஆக அதன் நீர்மட்டத்தின் ஏற்றத்தாழ்வு குறையும். துருசின் வழியே செல்லும் நீரும் ஒழுங்காகச் செல்லும். இது முதலாவது. குளம் பெரிதாக ஆகக் கட்டின் பின்னே தேங்கி நிற்கும் நீரும் மிகும். இது இரண்டாவது. 1986ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆம் நாள் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒழுங்கான பாய்ச்சலைத் தந்துவந்த அதே சேமிப்பே அன்று அழிவையும் தந்தது.

மின்னியலில் உயரழுத்த மின்வழங்கி ஒன்றைத் தாமே அமைக்க முற்படுவோர் இவ்விரு செய்திகளையும் ஒருங்கே மனங்கொள்ள வேண்டும். வழங்கியிலிருந்து வரும் மின்னழுத்தத்தின் ஏற்றத்தாழ்வை நீக்குதல் ஒப்பமாக்கல் எனப்படும். ஒப்பமாக்கும் உறுப்புக்கள் யாவும் சக்தியைச் சேமிப்பன, அல்லது அதனைத் தடுப்பன. சேமிக்கப்பட்ட சக்தி ஆளியை மூடியவுடன் மறைந்துவிடுவதில்லை. எனவே அழுத்தத்தை ஒப்பமாக்குவது எவ்வாறு என்னும் வினாவும், அதனைத் தீங்கின்றி ஒப்பமாக்குவது எவ்வாறு என்னும் வினாவும் பிரிக்கவியலாதன. இவ்விரு வினாக்களுக்குமான விடையை எளிய கணக்குக்களின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உயரழுத்தம் வேண்டப்படுவது எங்கே?

இலங்கையிலே வானொலியின் வரலாறு உயரழுத்தத்தோடு பிணைந்தது. 1921இல் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிறிய அறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். அதற்குரிய கருவி கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புக்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. ஒழுங்கான ஒலிபரப்புச் சேவை 1925 டிசம்பர் 16இல் தொடங்கிற்று. அக்காலத்து வானொலிக்கு உயிராயிருந்தது வால்வு என்னும் வெற்றிடக் குழாய். வீட்டு வானொலிப் பெட்டியிலுள்ள வால்வின் தகட்டிற்கு ஏறத்தாழ 250 வோல்ற்று வேண்டும்; ஒலிபரப்பும் கருவியின் வால்வுக்கு ஆயிரக்கணக்கான வோல்ற்று வேண்டும். அவ்வழுத்தம் ஒரே திசையுடையதாகவும் ஏற்றத்தாழ்வு அற்றதாகவும் இருத்தல் அவசியம். இல்லையேல் அந்த ஏற்றத்தாழ்வு இசையோடும் பேச்சோடும் கலந்து, இடைவிடாத இரைச்சலாக ஒலிபெருக்கியிற் கேட்கும். பழைய வானொலிப் பெட்டிகளைப் பாவித்தோர் அந்த ‘ம்ம்’ என்னும் முழக்கத்தை நன்கறிவர்.

வால்வுகளின் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டபோதிலும் உயரழுத்தத்தின் தேவை கடந்துவிடவில்லை. கதிர்வீச்சை அளக்கும் கைகர்க் குழாய் பலவற்றிற்கு 400 முதல் 500 வோல்ற்று வரை வேண்டும். மிக மங்கிய ஒளியையும் உணரும் ஒளிப்பெருக்கிக் குழாய்க்கு ஏறத்தாழ 1000 வோல்ற்று வேண்டும். இவ்வொளிப்பெருக்கியிலே அழுத்தம் நூற்றுக்கு 1 பங்கு மாறினால் அதன் பெருக்கம் நூற்றுக்கு 7 பங்கு அளவில் மாறிவிடும். ஆகவே ஒப்பமற்ற அழுத்தத்தைக் கொண்டு எடுக்கும் அளவீடு எதுவும் நம்பத்தக்கதன்று. ஆய்வுகூடங்களிலும் வீடுகளிலும் மாணவர் இத்தகைய வழங்கிகளை அமைக்க முற்படுவது இக்காரணங்களினாலேயே.

துடிப்பு எவ்வாறு பிறக்கின்றது?

இலங்கையில் வீடுகளுக்கு வழங்கப்படும் மின் 230 வோல்ற்று ஆடலோட்டமாகும். அது செக்கனுக்கு 50 முறை ஒரு திசையிலும் 50 முறை எதிர்த்திசையிலும் பாய்கின்றது. நிலைமாற்றி அதன் அழுத்தத்தை உயர்த்தும். நான்கு இருவாயிகளைப் பாலம்போல் இணைத்து அமைத்த சீராக்கி, எதிர்த்திசைப் பாய்ச்சலையும் நேர்த்திசைக்குத் திருப்பிவிடும். அதன் பயனாகத் திசை ஒன்றாகின்றது. ஆனால் அளவு ஒன்றாவதில்லை. செக்கனுக்கு 100 துடிப்புக்கள் எழுகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் சுழியிலிருந்து உச்சத்துக்கு ஏறி மீண்டும் சுழிக்கு இறங்குகின்றது. ஒரு துடிப்பிலிருந்து மறு துடிப்பிற்கு உள்ள இடைவேளை செக்கனின் நூற்றில் ஒரு பங்கு. வானொலியிற் கேட்கும் முழக்கத்தின் மீடிறன் 100ஆக இருப்பது இதனாலேயே.

முதற் குளம்: கொள்ளளவி

இத்துடிப்புக்களை நிரவும் எளிய வழி, சீராக்கியின் வெளிவாயில் ஒரு கொள்ளளவியைச் சமாந்தரமாக இணைத்தலாகும். துடிப்பின் உச்சத்திலே அது மின்னேற்றத்தை ஏற்றுக்கொள்ளும். துடிப்பு இறங்குங்கால் தான் சேமித்ததைச் சுமைக்கு வழங்கும். மழைக்காலத்திலே நிறைந்து கோடையிலே துருசின் வழியே வடியும் குளத்தின் செயல் இதுவே. குளத்தின் நீர்மட்டம் ஏறியிறங்குவதுபோலக் கொள்ளளவியின் அழுத்தமும் சிறிது ஏறியிறங்கும். எஞ்சிய இவ்வேற்றவிறக்கம் குற்றலை எனப்படும்.

குற்றலையின் அளவைக் கணித்தல் அரிதன்று. சுமை இழுக்கும் ஓட்டத்தை, செக்கனுக்கு எழும் துடிப்புக்களின் எண்ணிக்கையாலும் கொள்ளளவத்தாலும் வகுத்தால் அது கிடைக்கும். எடுத்துக்காட்டாக 1000 வோல்ற்று வழங்கி ஒன்றைக் கொள்வோமாக. அதன் சுமை 100 மில்லியம்பியர், அதாவது 0.1 அம்பியர், எனவும் கொள்ளளவம் 20 மைக்கிரோபரட்டு எனவும் இருப்பின், குற்றலை 50 வோல்ற்றாகும். இது முழு அழுத்தத்தின் நூற்றுக்கு 5 பங்கு. நுண்ணிய வேலைக்கு இது மிக அதிகம்.

குற்றலையைக் குறைக்க விரும்புபவர்க்கு முதலில் தோன்றும் எண்ணம் குளத்தைப் பெருப்பிக்கலாம் என்பதாகும். குற்றலையை ஏறத்தாழ 0.6 வோல்ற்றுக்குக் குறைப்பதற்கு 20 மைக்கிரோபரட்டுக்குப் பதிலாக 1600 மைக்கிரோபரட்டு வேண்டும். அதனால் வரும் விளைவைச் சக்திக் கணக்கு காட்டும். கொள்ளளவி சேமிக்கும் சக்தி, கொள்ளளவத்தை அழுத்தத்தின் வர்க்கத்தாற் பெருக்கி வரும் தொகையிற் பாதியாகும். 20 மைக்கிரோபரட்டு 1000 வோல்ற்றிலே 10 யூல் சக்தியைச் சேமிக்கும். 1600 மைக்கிரோபரட்டு 800 யூலைச் சேமிக்கும். ஒழுங்கிழந்த இதயத்தை மீட்கும்பொருட்டு மருத்துவர்கள் மார்பின்மேல் வைத்துச் செலுத்தும் மின்னதிர்ச்சி பொதுவாக 150 முதல் 360 யூல் வரையிலானது. அதனிலும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட சக்தி மேசைமேல் ஒரு பெட்டியுள் ஓசையின்றித் தங்கியிருக்கும். கொள்ளளவியை மட்டும் பெருப்பித்தல் ஏற்ற வழியன்று என்பதற்கு இதுவே போதிய காரணம். அன்றியும், பெரிய கொள்ளளவி துடிப்பின் உச்சத்திலே மிகக் குறுகிய நேரத்தில் மிகப்பெரிய ஓட்டத்தை இழுப்பதால் இருவாயிகளும் நிலைமாற்றியும் வெப்பமேறி நலிவடையும்.

சுரங்கத்து நீரும் தூண்டியும்

ஒப்பமாக்கலின் இரண்டாவது உறுப்பு தூண்டி. இரும்புக் கருவின்மேற் பல சுற்றுக் கம்பி சுற்றிய இதனைக் கடைகளிற் சோக்கு என்பர். இதன் இயல்பை அறிந்துகொள்வதற்கு மாத்தளை மாவட்டத்திலேயே தக்கதோர் உவமை உண்டு. கண்டிக்கு அண்மையிலுள்ள பொல்கொல்லையில் மகாவலி கங்கையின் நீரை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குக் கொண்டுவருகின்றனர். 1976இல் இயங்கத் தொடங்கிய உக்குவளை மின்னிலையத்தின் சுழலிகளைச் சுழற்றிய பின் அந்நீர் சுது கங்கையிற் சேர்ந்து, அம்பன் கங்கை வழியாகப் போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அங்கிருந்து அதன் ஒரு பகுதி மற்றுமொரு சுரங்கத்தின் வழியே வடக்கிலுள்ள வறண்ட வயல்களுக்குச் செல்கின்றது.

இத்தகைய நீண்ட சுரங்கத்துள் நிறைந்து செல்லும் நீர் பெருந்திணிவு உடையது. அதனை ஒரு கணத்தில் விரைவுபடுத்தவும் முடியாது. ஒரு கணத்தில் நிறுத்தவும் முடியாது. முகப்பிலே அமுக்கம் சற்று ஏறியிறங்கினாலும் சுரங்கத்து நீரின் வேகம் பெரிதும் மாறுவதில்லை. தூண்டியினூடு செல்லும் மின்னோட்டமும் அவ்வாறே மாற்றத்தை எதிர்க்கும். மாறாத நேரோட்டத்தைத் தூண்டி தடையின்றிச் செல்லவிடும், துடிப்பை மறிக்கும். ஓடும் நீரைத் திடீரென மறித்தால் குழாயில் அமுக்கம் வெடிக்குமளவிற்கு எழும் என்பதனாலேயே நீண்ட சுரங்கங்களோடு கூடிய மின்னிலையங்களில் நீரெழுச்சிக் கிணறு அமைத்தல் பொறியியலார் வழக்கமாயிற்று. தூண்டியின் ஓட்டத்தைத் திடீரென அறுத்தாலும் அவ்வாறே அழுத்தம் பன்மடங்காக எழும். அதனைத் தாங்கி ஏற்றுக்கொள்ளும் கிணறாக அமைவது தூண்டியை அடுத்து இணைக்கப்படும் இரண்டாவது கொள்ளளவி.

மேற்கூறிய வழங்கியிலே 20 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியின் பின் 10 ஹென்றித் தூண்டி ஒன்றையும், அதன்பின் மற்றுமொரு 20 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியையும் இணைத்துப் பார்க்கலாம். மீடிறன் 100ஆகவுள்ள துடிப்பிற்குத் தூண்டி காட்டும் எதிர்ப்பு 6280 ஓம். இரண்டாவது கொள்ளளவி காட்டும் எதிர்ப்பு 80 ஓம் அளவே. துடிப்பின் பெரும்பகுதி தூண்டியிலேயே நின்றுவிட, ஏறத்தாழ 78இல் ஒரு பங்கு மாத்திரமே வெளிவரும். 50 வோல்ற்றாக இருந்த குற்றலை 0.6 வோல்ற்றளவாகச் சுருங்கிவிடும்.

இரு வழிகளாலும் கிட்டும் ஒப்பம் ஒன்றே. ஆயின் தனிக் கொள்ளளவியாற் பெறும் ஒப்பத்திற்கு 800 யூல் சேமிப்பு வேண்டும். தூண்டியோடு கூடிய அமைப்பிற்கு இரு கொள்ளளவிகளும் சேர்ந்து 20 யூலே வேண்டும். தூண்டி தன்னுட் சேமிப்பதோ ஒரு யூலில் இருபதில் ஒரு பங்குதான். பழைய வானொலிப் பொறியியலார் இதனை நன்கறிந்திருந்தனர். 1930களில் வந்த வானொலிப் பெட்டிகள் பலவற்றில் ஒலிபெருக்கியின் காந்தச் சுருளையே தூண்டியாகவும் பயன்படுத்தி, ஒரே சுருளால் இரு வேலைகளை முடித்தனர்.

தூண்டியைத் தெரிகையில் மூன்று காரியங்கள் கவனிக்கத்தக்கன. அதன் கம்பி சுமையோட்டத்தை வெப்பமேறாது தாங்க வேண்டும். சுருளுக்கும் இரும்புக் கருவுக்கும் இடையேயுள்ள காவலி 1000 வோல்ற்றையும் அதன்மேலும் தாங்க வேண்டும். தூண்டியும் கொள்ளளவியும் தம்முள் ஊசலாடும் இயற்கை மீடிறன் துடிப்பின் மீடிறனுக்கு மிகத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் ஊஞ்சலை ஏற்ற தருணத்தில் உந்துவதுபோல் துடிப்பு குறைவதற்குப் பதிலாக வளரும். இவ்வெடுத்துக்காட்டில் அது 11 அளவாதலின் அச்சமில்லை.

சிற்றோட்டத்திற்குத் தடையி

சுமை மிகச் சிறிதாயின் தூண்டியும் வேண்டுவதில்லை. கைகர்க் குழாய் இழுப்பது சில மைக்கிரோ அம்பியர் ஓட்டமே. அதற்குத் தூண்டிக்குப் பதிலாக 10 மெகா ஓம் தடையி ஒன்றை வைத்து, அதன்பின் 0.01 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியை இணைத்தால், செக்கனுக்கு 100 முறை எழும் குற்றலை 60இல் ஒரு பங்கிற்குக் குறைந்துவிடும். ஒரு மைக்கிரோ அம்பியருக்குத் தடையியில் இழக்கப்படுவது 10 வோல்ற்று மாத்திரமே. இவ்வமைப்பின் சிறப்பு மற்றொன்று: 500 வோல்ற்று வழங்கியின் வெளிவாயைத் தவறுதலாகத் தொட்டாலும் அத்தடையியினூடு வரக்கூடிய ஓட்டம் 50 மைக்கிரோ அம்பியரை மிஞ்சாது. கொள்ளளவியிலுள்ள சக்தியும் ஒரு யூலின் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. ஒப்பமாக்கும் உறுப்பே காப்பாகவும் அமைகின்றது.

உயரழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றும் பெருக்கிச் சுற்றுக்களையும் இவ்விடத்துக் குறிப்பிடல் தகும். சுவிற்சர்லாந்து அறிஞர் ஹைன்றிக் கிரைனாக்கர் வகுத்த முறையைத் தழுவி, ஜோன் கொக்குறொவ்ற், ஏனெஸ்ற் உவால்ற்றன் என்னும் இருவரும் கேம்பிறிச்சில் தம் ஆய்வுகூடத்திலேயே உயரழுத்தக் கருவி ஒன்றை அமைத்தனர். 1932 ஏப்ரிலில் அதனைக் கொண்டு இலிதியத்தின் அணுக்கருவைப் பிளந்தனர். அதன்பொருட்டு 1951இல் நொபெல் பரிசும் பெற்றனர். இருவாயிகளையும் கொள்ளளவிகளையும் ஏணிப்படிகள்போல அடுக்கும் இம்முறை எளிமையும் மலிவும் உடையது. ஆனால் படிகள் கூடுந்தோறும் குற்றலை அவற்றினும் விரைந்து கூடும். ஒரு படியிலே 1 பங்காயிருக்கும் குற்றலை இரண்டு படியில் 3 பங்காகவும், மூன்று படியில் 6 பங்காகவும், நான்கு படியில் 10 பங்காகவும் வளரும். ஆகையால் இம்முறை சிற்றோட்டச் சுமைகளுக்கே ஏற்றது.

ஆளியை மூடிய பின்

வழங்கியின் ஆளி மூடப்பட்டது, விளக்கு அணைந்தது, முழக்கமும் நின்றது. ஆயினும் கொள்ளளவியுள் மின்னேற்றம் அவ்வாறே இருக்கும். விளக்கு அணைந்தமை வெளியிலிருந்து மின் வரவில்லை என்பதையே காட்டும். உள்ளே சேமிப்பு இல்லை என்பதைக் காட்டாது. நல்ல கொள்ளளவி ஒன்று தன் ஏற்றத்தை மணித்தியாலக் கணக்கில் வைத்திருக்க வல்லது.

இந்த உண்மை கொள்ளளவியின் பிறப்போடேயே அறியப்பட்டது. 1740களின் நடுவிற் கொள்ளளவியின் முன்னோடியாகிய இலெய்டன் சாடி தோன்றியபொழுது, அதனை முதலிற் கையாண்டோர் பெற்ற அதிர்ச்சியே அதன் ஆற்றலை உலகுக்கு அறிவித்தது. மின்னலை ஆராய்ந்து புகழ்பெற்ற பெஞ்சமின் பிராங்ளின் 1750ஆம் ஆண்டு டிசம்பரில், இரண்டு பெரிய சாடிகளில் ஏற்றிய மின்னாலே வான்கோழி ஒன்றைக் கொல்ல முற்பட்டார். கவனம் சிதறிய கணத்திலே அவ்வேற்றம் அவர் கைகளினூடும் உடலினூடும் பாய, அவர் உணர்விழந்தார். மின்னியலை நன்கறிந்தவர்க்கே நேர்ந்தது அறியத் தொடங்கும் மாணவர்க்கும் நேரக்கூடும்.

10 யூல் என்பது ஒரு கிலோகிராம் எடையை ஒரு மீற்றர் உயர்த்தும் சக்தியளவே. ஆனால் அச்சக்தி பாயும் வழியும் நேரமுமே அதன் கொடுமையைத் தீர்மானிப்பன. மனித உடலின் தடையைக் கணக்கிற்காக 1000 ஓம் எனக் கொண்டால், 1000 வோல்ற்றிலுள்ள கொள்ளளவியைத் தொட்ட கணத்திலே 1 அம்பியர் பாயும். வீட்டு மின்னோட்டத்திலே பத்தில் ஒரு பங்கு அம்பியர் மார்பினூடு பாய்வதே இதயத்தின் ஒழுங்கைக் குலைக்கப் போதியதாகும்.

வீட்டிலே பொருத்தப்பட்டுள்ள ‘ட்றிப் சுவிச்சு’ காப்பாற்றும் என்று எண்ணுவோர் பலர். மின்கசிவை உணர்ந்து தானே மின்னைத் துண்டிக்கும் அவ்வாளி, வீட்டுக் கம்பிகளிலிருந்து புவிக்குக் கசியும் ஓட்டத்தையே உணரும். நிலைமாற்றியின் இரண்டாவது சுருள் வீட்டுக் கம்பிகளோடு தொடர்பின்றித் தனித்து நிற்பதால், அப்பக்கத்தில் ஒருவர் இரு முனைகளைத் தொட்டாலும் ஆளிக்கு அது தெரியாது. கொள்ளளவியிற் சேமித்த ஏற்றமோ அவ்வாளியின் ஆட்சிக்கே உட்பட்டதன்று.

வடிதடையி

குளத்துக்குத் துருசும் வானும் வேண்டியிருப்பதுபோல, கொள்ளளவிக்கு எந்நேரமும் திறந்திருக்கும் சிறிய வடிகால் ஒன்று வேண்டும். கொள்ளளவியின் இரு முனைகளுக்கும் குறுக்கே நிலையாக இணைக்கப்படும் தடையி அவ்வேலையைச் செய்யும். அதனை வடிதடையி எனலாம்.

முன்னைய எடுத்துக்காட்டில் இரு கொள்ளளவிகளும் சேர்ந்து 40 மைக்கிரோபரட்டு. அவற்றுக்குக் குறுக்கே மொத்தமாக 50 கிலோ ஓம் இருப்பின் ஓட்டத்தின் தேய்வுக்காலம் 2 செக்கன். ஆளியை மூடி 6 செக்கன் கழிய 1000 வோல்ற்று 50 வோல்ற்றாகும். 10 செக்கன் கழிய 7 வோல்ற்றளவாகும். இதற்குக் கொடுக்கும் விலை, வழங்கி இயங்கும் காலமெல்லாம் வெப்பமாக வீணாகும் 20 உவாற்று. உயிர்க்காப்புக்கு இது பெரிய விலையன்று.

எனினும் ஒரே தடையியை நம்புதல் கூடாது. சாதாரணச் சிறு தடையிகள் சிலநூறு வோல்ற்றுக்கு மேல் தாங்கா. மேலும், வெப்பத்தில் நெடுங்காலம் நிற்கும் தடையி முறிவதும் உண்டு. அது முறிந்துவிட்டதை வெளியிலிருந்து எவரும் அறியார். இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 450 வோல்ற்றுத் தாங்கும் 60 மைக்கிரோபரட்டு மின்பகு கொள்ளளவிகள் மூன்றைத் தொடராக இணைத்தால் 1000 வோல்ற்றைத் தாங்கும் 20 மைக்கிரோபரட்டு கிடைக்கும். அம்மூன்றின் குறுக்கேயும் தனித்தனியே 33 கிலோ ஓம் தடையிகளை இணைத்தால், ஒவ்வொன்றும் 3 உவாற்றுக்குச் சற்று மேற்பட்ட வெப்பத்தையே வெளிவிடும். 10 உவாற்றுத் தடையிகள் இதற்குத் தகுந்தன. அவை கொள்ளளவிகளிடையே அழுத்தத்தைச் சமமாகப் பங்கிடும், வடிகாலாகவும் அமையும். இரு தொகுதிக் கொள்ளளவிகளுக்கும் இவ்வாறு செய்தால் மொத்த வடிகால் முன்கூறிய 50 கிலோ ஓமை ஒத்திருக்கும். ஒரு தடையி முறிந்தால் அதற்குரிய கொள்ளளவி ஏற்றத்தோடு எஞ்சக்கூடும் என்பதால், தொடுமுன் ஒவ்வொரு கொள்ளளவியையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும்.

வடிந்து முடிந்த கொள்ளளவியும் முற்றாக நம்பத்தக்கதன்று. அதன் காவற்பொருளுட் புகுந்த மின்னேற்றம் மெல்ல மெல்ல வெளிவந்து, முனைகளுக்கிடையே மீண்டும் அழுத்தத்தைத் தோற்றுவிக்கும். நனைந்த மணலிலிருந்து நீர் ஊறுவதுபோன்றது இது. அதனால் உயரழுத்தக் கொள்ளளவிகளை வைத்திருக்கும்போது அவற்றின் முனைகளைக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்தே வைத்தல் வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு

ஆய்வுகூடத்திலே இத்தகைய வழங்கியைத் திறக்குமுன் செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகக் கூறலாம். முதலில் ஆளியை மூடுவதோடு நில்லாது, செருகியையும் கழற்றிக் கண்ணிற் படும்படி மேசைமேல் வைக்க வேண்டும். ஒரு நிமிடமேனும் காத்திருக்க வேண்டும். பின்னர் அவ்வழுத்தத்தைத் தாங்கவல்ல மானியால் ஒவ்வொரு கொள்ளளவியையும் அளக்க வேண்டும். சாதாரண மானிகள் சில 600 வோல்ற்றுக்கு மேல் தாங்கா என்பதை மறத்தலாகாது. எஞ்சிய ஏற்றத்தைக் காவலிட்ட நீண்ட பிடியின் முனையிற் பொருத்திய 1000 ஓம் அளவான வலிய தடையியால் வடிக்க வேண்டும். திருகாணிச்செலுத்தியைக் குறுக்கே வைத்து நேரே இணைத்தால் பெரும் பொறி தெறிக்கும். உலோகம் உருகிக் கண்ணிற் படவும் கூடும். வடித்தபின் மீண்டும் அளக்க வேண்டும். அளந்தபின் முனைகளைக் கம்பியால் இணைத்து, வேலை முடியும்வரை அவ்வாறே விட வேண்டும்.

பெட்டி உலோகத்தாலாயின் புவியோடு தொடுக்கப்பட வேண்டும். மூடியைத் திறந்ததும் மின்னைத் துண்டிக்கும் ஆளி ஒன்று அதில் இருத்தல் நன்று. வெளிவாய்க்குக் குறுக்கே தக்க தடையியோடு ஒரு நியோன் விளக்கை இணைத்தால், சேமிப்பு உள்ளவரை அது ஒளிரும். எனினும் 60 அல்லது 70 வோல்ற்றளவிலேயே அது அணைந்துவிடுமாதலால் அதன் அணைவை மாத்திரம் நம்பிக் கைவைத்தல் தகாது. தனியறையிலே எவருமின்றி இவ்வேலையிற் புகுதலும் தகாது. மின்னைத் துண்டிக்க அறிந்த ஒருவர் அருகிலிருத்தல் வேண்டும்.

இற்றைக்கால மாற்றம்

குற்றலை துடிப்புக்களின் எண்ணிக்கை கூடக் குறையும் என்பது முன்னைய கணக்கிலிருந்தே தெளிவு. இற்றைக்கால வழங்கிகள் இவ்வுண்மையையே பயன்கொள்கின்றன. செக்கனுக்கு 100 துடிப்புக்கள் எழுமிடத்தில் ஓர் இலட்சம் துடிப்புக்களை எழுப்பினால், 20 மைக்கிரோபரட்டு செய்யும் வேலையை 0.02 மைக்கிரோபரட்டே செய்துவிடும். 1000 வோல்ற்றில் அதன் சேமிப்பு ஒரு யூலில் நூறில் ஒரு பங்கு. பெருமின் கடத்தலிலும் இவ்வுண்மை பயன்படுகின்றது. மத்திய இந்தியாவிலுள்ள இராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர்வரை 800 கிலோவோல்ற்று நேரோட்டத்தைக் கொண்டுவரும் தொடர் 2020–2021 காலத்தில் இயங்கத் தொடங்கிற்று. இத்தகைய தொடர்களின் சீராக்கிகள் ஆடலோட்டத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் 12 துடிப்புக்களை எழுப்பிக் குற்றலையைத் தொடக்கத்திலேயே சிறிதாக்குகின்றன. எஞ்சியதைப் பெருந்தூண்டிகள் நிரவுகின்றன.

ஆயினும் இதனால் ஆபத்து ஒழிந்தது என்று கொள்ளலாகாது. உயர் மீடிறன் வழங்கியின் முகப்பிலே வீட்டு மின்னைச் சீராக்கிச் சேமிக்கும் கொள்ளளவி ஒன்று இன்னும் உண்டு. கணினி வழங்கிகளிற் காணப்படும் 220 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவி ஏறத்தாழ 325 வோல்ற்றில் 11 யூலுக்கு மேல் வைத்திருக்கும். சேமிப்பு இடம் மாறியதேயன்றி இல்லாதொழியவில்லை. பழைய நுண்ணலை அடுப்புக்களின் நிலைமாற்றியைக் கழற்றிப் பயன்படுத்துவோர்க்கு அதனினும் பெரிய ஆபத்து உண்டு. அது ஏறத்தாழ 2000 வோல்ற்றையும் உயிரைக் கொல்லப் பன்மடங்கு போதிய ஓட்டத்தையும் தரவல்லது. அதனைக் கொண்டு மரப்பலகையிலே கோலமெரிக்க முயன்று வெளிநாடுகளிற் பலர் உயிரிழந்துள்ளனர். அறிமுக வேலைக்கு அது ஒருபொழுதும் ஏற்றதன்று.

இதுகாறும் கூறியவற்றால் அறியக்கிடப்பது யாதெனில், ஒப்பமாக்கலின் திறம் சேமிப்பின் பெருக்கத்தில் தங்கியிருக்கவில்லை என்பதாம். சுமைக்கு வேண்டிய ஓட்டத்தையும் தாங்கக்கூடிய குற்றலையையும் முதலில் வரையறுத்து, சிற்றோட்டமாயின் தடையியையும், பேரோட்டமாயின் தூண்டியையும், இயலுமாயின் உயர் மீடிறனையும் துணைக்கொண்டு, மிகச் சிறிய சேமிப்பால் வேண்டிய ஒப்பத்தைப் பெறுபவரே நன்கு அமைப்பவர். அவர் வரைபடத்திலே கொள்ளளவியை வரையும் அதே வேளையில் அதன் வடிதடையியையும் வரைந்துவிடுவார். எத்தனை யூல், எத்தனை செக்கன் என்னும் இரண்டு எண்களையும் அதன் அருகே எழுதிவிடுவார். மாணவர் தம் ஆய்வேடுகளில் இவ்விரு எண்களையும் எழுதும் பழக்கத்தைக் கைக்கொள்வதும், ஆசிரியர் அவற்றைப் பார்த்த பின்னரே மின்னைத் தொடுக்க அனுமதிப்பதும் விரும்பத்தக்கனவாகும்.